பெக்ஸ் பொடியும் ஆஸ்திரேலியச் சிறுநீரகங்களும்: காஃபீன் கலந்த வலிநிவாரணிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தலைவலி மாத்திரையில் காஃபீன் சேர்த்தால் பயன் உண்டா என்ற கேள்விக்கு மருத்துவ ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே பதில் சொல்லியிருக்கின்றன: உண்டு, ஆனால் சிறிதளவு. அந்தப் பதில் ஒரு வேளை வலிக்கு, ஒரு வேளை மருந்துக்குச் சொல்லப்பட்டது. ஆண்டுக்கணக்கில் வலியோடு காலம் தள்ளும் ஒருவர் அதே கலவையை மருத்துவர் சீட்டின்றிக் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கினால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவின் மளிகைக் கடைகளிலிருந்தும், சமையலறைகளிலிருந்தும், பின்னர் அந்நாட்டின் டயாலிசிஸ் பிரிவுகளிலிருந்தும் வந்தது. இக்கட்டுரை அந்த நிகழ்வை எடுத்துக்கொண்டு, பழி முழுவதும் ஒரே மருந்தின்மேல் விழுந்துவிட்டதால் கவனிக்கப்படாமல் போன காஃபீனின் பங்கைத் தனியே பிரித்துப் பார்க்க முயல்கிறது.

பொடியும் அதைப் போட்டவர்களும்

ஆஸ்திரேலியாவில் இரண்டு பொடிகள் வீட்டுக்கு வீடு புழங்கின. ஒன்று அடிலெய்டில் தோன்றிய பெக்கர்ஸ் நிறுவனத்தின் பெக்ஸ். மற்றொன்று சிட்னியின் வின்சென்ட்ஸ். இரண்டும் ஆஸ்பிரின், ஃபெனாசெட்டின், காஃபீன் ஆகிய மூன்றும் கலந்தவை. மூன்று மருந்துகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.பி.சி. (APC) என்றே அழைக்கப்பட்டன. பெக்ஸில் ஆஸ்பிரின் 42 விழுக்காடு, ஃபெனாசெட்டின் 42 விழுக்காடு, எஞ்சிய பங்கு காஃபீன். மாத்திரையாகவும் கிடைத்தது என்றாலும் மக்கள் விரும்பியது பொடியைத்தான். காகிதத்தில் மடித்த சிறு பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் கொட்டிக்கொண்டு, மேலே ஒரு மடக்குத் தேநீர் குடிப்பது வழக்கம். பொடியாதலால் மாத்திரை கரையக் காத்திருக்க வேண்டியதில்லை. சற்று நேரத்திலேயே வேலை செய்யத் தொடங்கும். அந்த விரைவு பின்னர் ஏற்பட்ட பழக்கத்துக்கு எவ்வளவு துணைபோனது என்பதை அளந்து சொல்ல முடியாது. துணைபோகவில்லை என்று சொல்வதும் கடினம்.

‘ஒரு கோப்பைத் தேநீர், ஒரு பெக்ஸ், கொஞ்ச நேரம் படுக்கை’ என்பது அந்நாட்டில் பழமொழிபோல் ஆகிவிட்ட வாசகம். இன்றைய ஆஸ்திரேலியர்கூடப் பதற்றத்தில் இருப்பவரைக் கேலியாகத் தேற்றுவதற்கு அதைச் சொல்வதுண்டு. விளம்பரங்கள் பெரும்பாலும் பெண்களை நோக்கியே பேசின. பிள்ளைகளையும் சமையலையும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்களும், ஆலையில் நின்றபடி வேலை செய்தவர்களும் தலைவலிக்கென்று தொடங்கினார்கள். பிறகு அலுப்புக்கு, மன உளைச்சலுக்கு, காலையில் எழுந்தவுடன் வேலைக்கு ஆயத்தமாவதற்கு என்று பொடியின் பயன் விரிந்துகொண்டே போனது. வலியே இல்லாதபோதும் போட்டுக்கொண்டவர்கள் பலர். ஆஸ்பிரினுக்கும் ஃபெனாசெட்டினுக்கும் அலுப்பைப் போக்கும் குணம் சொல்லும்படியாக இல்லை. கலவையில் அந்த வேலையைச் செய்யக்கூடியது காஃபீன்தான் என்பதை இந்த ஓர் இடத்திலேயே ஊகித்துவிடலாம்.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஒரு பொட்டலத்தில் ஒரு கிராம் பொடி இருந்தது என்று எடுத்துக்கொண்டு, ஒருவர் நாளொன்றுக்கு ஆறு பொட்டலம் போட்டதாக வைத்துக்கொண்டால், உள்ளே போகும் ஃபெனாசெட்டின் இரண்டரை கிராம். ஆஸ்பிரின் அதே அளவு. காஃபீன் ஏறத்தாழ ஒரு கிராம். உடல்நலமுள்ள பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை காஃபீன் பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் சொன்னது. பொடியுடன் குடித்த தேநீரைச் சேர்க்காமலேயே இவர்கள் அதன் இருமடங்கைத் தாண்டியிருப்பார்கள். இதே கணக்கில் நானூறு நாளில் ஒரு கிலோ ஃபெனாசெட்டின் உடலுக்குள் சென்றிருக்கும். சிறுநீரக மருத்துவர்கள் இந்நோயாளிகளின் மருந்து உட்கொள்ளலை மில்லிகிராமில் எழுதாமல் கிலோ கணக்கில் எழுத நேர்ந்தது இப்படித்தான்.

ஃபெனாசெட்டின் 1887இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த மருந்து. காய்ச்சலையும் வலியையும் தணிக்கும் அக்காலத்து மருந்துகள் இதயத்தைத் தளர்த்திவிடும் என்று அன்றைய மருத்துவர்கள் அஞ்சினர். காஃபீன் அதை ஈடுசெய்யும் என்ற நம்பிக்கையில்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. அந்த நம்பிக்கை பின்னாளில் மங்கிவிட்டது. ஆனாலும் காஃபீன் கலவையை விட்டு வெளியேறவில்லை.

சிறுநீரகத்தில் நடந்தது

சிறுநீரகத்தின் உட்பகுதி கூம்பு வடிவில் குவிந்து, அதன் முனை சிறுநீர் சேரும் குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பாப்பில்லா எனப்படும் இந்த முனைக்கு இரத்த ஓட்டம் இயல்பிலேயே குறைவு. சிறுநீரைச் செறிவாக்கும் வேலை அங்கே நடப்பதால், கரைந்துள்ள மருந்தின் செறிவும் அங்கேதான் மிகுதியாகும். ஃபெனாசெட்டின் உடலில் பாராசிட்டமாலாக மாறுகிறது என்பதை பிராடியும் ஆக்சல்ராடும் 1949இல் காட்டினார்கள். அந்தப் பாராசிட்டமால் பாப்பில்லாவில் குவிந்து, அங்கே வினைத்திறன் மிகுந்த நச்சுப்பொருளாக மாறும்போது, குளுட்டாதயோன் என்ற பொருள் அதைக் கட்டுப்படுத்துகிறது. ஆஸ்பிரின் இங்கே இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. குளுட்டாதயோன் இருப்பைக் குறைத்துவிடுகிறது. இரத்தக்குழாய்களை விரிவாக வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதைத் தடுத்து, ஏற்கெனவே குறைவாக உள்ள இரத்த ஓட்டத்தையும் சுருக்கிவிடுகிறது. ஒரு மருந்து நஞ்சைக் கொண்டுவர, மற்றொன்று காவலை அப்புறப்படுத்துகிறது. இந்த விளக்கத்தின் ஒவ்வொரு படியும் மனித உடலில் மெய்ப்பிக்கப்பட்டதாகச் சொல்ல முடியாவிட்டாலும், கலவை தனி மருந்தைவிட ஏன் கொடிதாக இருந்தது என்பதற்கு இன்றும் தரப்படும் பொது விளக்கம் இதுவே.

விளைவு மெல்ல வரும். பாப்பில்லா உயிரிழந்து கறுத்து, சில சமயம் முழுதாகக் கழன்று விழும். கழன்ற திசுத்துண்டு சிறுநீர்க்குழாயை அடைத்துக் கல்லடைப்பைப் போன்ற வலியை உண்டாக்கும். சில நோயாளிகளின் சிறுநீரிலேயே அந்தத் துண்டு வெளியேறியதுண்டு. சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்ரே படத்தில், கழன்ற முனையைச் சுற்றிலும் சாயம் தேங்கி மோதிரம் போன்ற ஒரு வளையம் தெரியும்; அக்காலத்துக் கதிரியக்க மருத்துவர்கள் அந்த வளையத்தைக் கண்டதும் நோயாளியிடம் பொடிப் பழக்கம் பற்றிக் கேட்கத் தெரிந்திருந்தார்கள். பாப்பில்லா போனபின் அதனோடு இணைந்த வெளிப்பகுதியும் சுருங்கும். வெளியே தெரியும் அறிகுறிகளோ சோகை, உயர் இரத்த அழுத்தம், வயிற்றுப் புண், ஓயாத தலைவலி என்று வெவ்வேறு மருத்துவர்களிடம் போகவைக்கும் வகையில் சிதறியிருந்தன. தலைவலி இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். எதற்காகப் பொடி போட்டார்களோ அதே தலைவலி, பொடி போட்டும் தீராத தலைவலி.

சிறுநீரகப் பாதிப்புக்கும் இத்தகைய மருந்துகளுக்கும் உள்ள தொடர்பை முதலில் எழுதியவர்கள் சுவிட்சர்லாந்தின் ஷ்பூலரும் சோலிங்கரும், ஆண்டு 1953. ஆஸ்திரேலியாவில் அதை ஊரறியச் செய்தவர் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் 1926இல் பிறந்து, மெல்பர்னில் சிறுநீரக மருத்துவத்தைக் கட்டியெழுப்பிய இவர், 1975இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியரானார்; அப்பதவியை அங்கே எட்டிய முதல் பெண் அவர்தான். நோய் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது என்ற கருத்து நிலவியபோது, பாப்பில்லாதான் முதலில் சாகிறது, மற்றதெல்லாம் அதன் பின்விளைவு என்று திசு ஆதாரத்தோடு 1967இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். எழுதியதோடு நிற்காமல், கலவை வலிநிவாரணிகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதை நிறுத்த வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அரசுகளோடு வாதாடினார்.

1970களில் ஆஸ்திரேலியாவில் டயாலிசிஸுக்கும் சிறுநீரக மாற்றுக்கும் வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இந்நோயாளிகள் இருந்தார்கள். பெண்களே மிகுதி, நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் முன்னணியில் நின்றன. பொடி விற்பனை அம்மாநிலங்களில் மிகுதி என்பது முதன்மைக் காரணம். வெப்பமும் உடலில் நீர் வற்றுவதும் சிறுநீரை மேலும் செறிவாக்கி, பாப்பில்லாவைத் தாக்கும் நஞ்சைக் கூட்டியிருக்கலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது.

மறுத்தவர்களும் மறைக்காத சிறுநீரும்

இது ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் என்று எண்ணிவிடக் கூடாது. சுவீடனின் ஹஸ்க்வார்னா நகரில், 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் காலத்தில் யோர்ட்டன் என்ற உள்ளூர் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஃபெனாசெட்டின், ஃபீனசோன், காஃபீன் கலவைப் பொடி, காய்ச்சல் போனபின்னும் போகாமல் அங்கிருந்த ஆலைத் தொழிலாளரிடையே தங்கிவிட்டது. விருந்தாளிக்கு வெற்றிலை நீட்டுவதுபோல் ஒருவருக்கொருவர் பொடி நீட்டினார்கள். அந்த ஆலையின் சிறுநீரக இறப்புகளை ஆராய்ந்த கிரிம்லுண்டின் அறிக்கை 1963இல் வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஆஸ்கிட் என்ற பொடி இதே கதையைச் சிறிய அளவில் நடத்தியது.

சுவிட்சர்லாந்தின் பங்கு இன்னும் கூர்ந்து பார்க்கத் தக்கது. அந்நாட்டின் வடமேற்கில் கைக்கடிகார ஆலைகளில் நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் வேலையில் இருந்த பெண்களிடையே தலைவலி மாத்திரைப் பழக்கம் பரவியிருந்தது. பாசல் நகர மருத்துவர் டுபாக் 1968இல் தொடங்கிய ஆய்வில், யார் எவ்வளவு மாத்திரை போடுகிறார்கள் என்பதை வாய்ச்சொல்லை மட்டும் நம்பி முடிவுசெய்யவில்லை. சிறுநீரில் ஃபெனாசெட்டினின் சிதைபொருள் இருக்கிறதா என்று சோதித்தார்கள். மாத்திரைப் பழக்கமுள்ளவர்கள் அதை மறைப்பதும், குறைத்துச் சொல்வதும், தமக்கே கணக்குத் தெரியாமல் இருப்பதும் எல்லா நாட்டு மருத்துவர்களும் கண்ட ஒன்று. சோதனையில் அகப்பட்ட 623 பெண்களையும் ஒப்பீட்டுக்கு எடுத்த 621 பெண்களையும் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்தொடர்ந்தபோது, முதல் குழுவில் இறப்பு விகிதம் இருமடங்குக்கு மேல் இருந்தது. ஆய்வு தொடங்கியபோது அவர்கள் எல்லோரும் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட, உடல்நலமுள்ளவர்களாகக் கருதப்பட்ட பெண்கள்.

அக்காலத்து சுவிஸ் மாத்திரைகளில் பேர்பெற்ற ஒன்று, ரோஷ் நிறுவனம் 1930களில் வெளியிட்ட சாரிடான். அதில் அன்று இருந்தவை ஃபெனாசெட்டின், புரோபிஃபீனசோன், காஃபீன். பின்னர் ஃபெனாசெட்டினை எடுத்துவிட்டு அதன் இடத்தில் பாராசிட்டமாலை வைத்தார்கள். காஃபீன் அப்படியே இருந்தது.

பழி யார்மேல்?

ஃபெனாசெட்டின் குற்றவாளி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, சிறுநீர்ப்பாதையில், குறிப்பாகச் சிறுநீரகக் குழியில், புற்றுநோயையும் உண்டாக்குகிறது என்பது 1960களிலேயே தெரிய வந்து, பிறகு உறுதியானது. சுவீடன் 1961இல் அதை மருத்துவர் சீட்டின் கீழ் கொண்டுவந்தது. அமெரிக்கா 1983இல் விலக்கியது. இந்தியாவின் தடைப் பட்டியலிலும் அது இருக்கிறது. வின்சென்ட்ஸ் பொடியிலிருந்து 1967இலும், பெக்ஸிலிருந்து 1975இலும் அதை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலிய மருத்துவர்கள் அதோடு நிறைவடையவில்லை. ஃபெனாசெட்டினே உடலில் பாராசிட்டமாலாகத்தான் மாறுகிறது என்னும்போது, அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்த கலவையை நம்புவதற்கு என்ன நியாயம் என்று கேட்டார்கள். எனவே ஆஸ்திரேலியா 1979இல் கலவை வலிநிவாரணிகள் அனைத்தையுமே மருத்துவர் சீட்டின் கீழ் கொண்டுவந்தது. அதன்பின் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். சுவீடன் போன்ற நாடுகளிலோ ஃபெனாசெட்டினை மட்டும் கட்டுப்படுத்தியபோதே நோய் சரிந்தது. ஃபெனாசெட்டின் இல்லாத கலவைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு எல்லாச் சான்றுகளையும் அலசி, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவுசெய்தது. அந்தக் குழுவின் முடிவு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்த முடிவைப் படித்தவர்களில் பலர், ஆதாரம் போதாது என்பதை ஆபத்து இல்லை என்று வாசித்துக்கொண்டார்கள். மேலும், விவாதம் முழுவதும் சிறுநீரகத்தைச் சுற்றியே நடந்ததால், ஒருவர் ஏன் நாளொன்றுக்கு ஆறு பொடி போட்டார் என்ற முந்தைய கேள்வி ஓரத்தில் நின்றுவிட்டது.

காஃபீன் உண்மையில் என்ன செய்கிறது

நரம்புச் செல்களின் மேலுள்ள அடினோசின் ஏற்பிகளை அடைத்துக்கொள்வதுதான் காஃபீனின் முதன்மை வேலை. அடினோசின் மூளை இரத்தக்குழாய்களை விரிவாக்கும், உறக்கம் வரவழைக்கும். காஃபீன் அதைத் தடுப்பதால் குழாய்கள் சுருங்குகின்றன, விழிப்பு கூடுகிறது. வலிநிவாரணி விரைவாக உறிஞ்சப்படவும் அது உதவக்கூடும். லாஸ்காவும் உடன் ஆய்வாளர்களும் 30 ஆய்வுகளைத் தொகுத்து 1984இல் எழுதியபோது, காஃபீன் சேர்ந்த மருந்தின் பலனை அது சேராத மருந்தில் பெற வேண்டுமானால் அளவை ஏறத்தாழ 40 விழுக்காடு கூட்ட வேண்டியிருக்கும் என்று கணித்தார்கள். பின்னர் 20 ஆய்வுகளையும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு, வழக்கமான வலிநிவாரணியோடு 100 மில்லிகிராம் அல்லது அதற்குச் சற்று மேல் காஃபீன் சேர்த்தால், நல்ல நிவாரணம் பெறுவோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை கூடுவார்கள் என்றது. பல் பிடுங்கியபின் வரும் வலி, பிரசவத்துக்குப் பின்னான வலி, ஒற்றைத் தலைவலி போன்றவற்றில் ஒரு வேளை மருந்து கொடுத்துச் சில மணி நேரம் பார்த்துக் கண்டவை இவை. அமெரிக்காவில் எக்செட்ரின் என்னும் மாத்திரை ஒற்றைத் தலைவலிக்கென 1998இல் ஒப்புதல் பெற்றது இவ்வகைச் சான்றுகளின் பலத்தில்தான். அதன் ஒரு வேளை அளவான இரண்டு மாத்திரைகளில் 130 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது.

நாள்பட்ட வலிக்கு இதையே நீட்டிச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்பதோடு, எதிர்த்திசையில் சில குறிப்புகளும் உள்ளன. தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் பணியிலும் அடினோசினுக்குப் பங்குண்டு. காஃபீன் அங்கேயும் ஏற்பியை அடைத்துவிடும். எலிகளில் நடந்த சோதனைகளில், குறைந்த அளவுக் காஃபீன் பாராசிட்டமாலின் வலிதணிப்பையும், நாள்பட்ட நரம்பு வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலினின் வலிதணிப்பையும் குறைத்தது. தோல்வழி மின்தூண்டல் சிகிச்சையின் பலன் காஃபீன் உட்கொண்டவர்களிடம் குறைந்ததாகத் தன்னார்வலர்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்வும் உண்டு. எலிச் சோதனையை வைத்து நோயாளியின் காப்பியை நிறுத்தச் சொல்வது மிகை. ஆனால் முதுகு வலிக்கோ மூட்டு வலிக்கோ மாதக்கணக்கில் மருந்து எடுப்பவர், காஃபீன் சேர்ந்தால் கூடுதல் பலம் என்று எண்ணிக் கலவை மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்தச் சான்றுகளில் எதுவும் இடம் தருவதாக இல்லை.

இனி, பழக்கம். சில்வர்மனும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்குச் சராசரி 235 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டுவந்த, இரண்டு மூன்று கோப்பைக் காப்பிக்கு மேல் போகாத, 62 சாதாரண மனிதர்களுக்கு அவர்கள் அறியாமல் காஃபீனை நிறுத்தியபோது, பாதிக்கு மேற்பட்டோருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான தலைவலி வந்தது. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் இந்த வலி தொடங்கும். ஓரிரு நாளில் உச்சத்தை எட்டும். ஒன்பது நாள் வரைகூட நீடிக்கும். மீண்டும் சிறிதளவு காஃபீன் உள்ளே போனால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். இதை பெக்ஸ் போட்ட பெண்ணின் நாளோடு பொருத்திப் பார்த்தால் நடந்தது விளங்கும். காலையில் எழும்போது முந்தின இரவின் காஃபீன் உடலைவிட்டுப் போயிருக்கும், தலை கனக்கும். பொடி போட்டதும் தெளியும். நோய்க்கு மருந்து வேலை செய்தது என்றுதான் அவர் நினைப்பார். அப்படி நினைக்காமல் இருக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. தீர்ந்தது காஃபீன் இல்லாததால் வந்த வலி. அதைத் தீர்த்த பொட்டலத்தோடு ஃபெனாசெட்டினும் ஆஸ்பிரினும் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

காஃபீன்தான் இவர்களை அடிமையாக்கியது என்று அறுதியிட்டுச் சொல்லும் ஆதாரம் இல்லை என்பதையும், வல்லுநர்கள் இதில் இன்றும் பிளவுபட்டே நிற்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காஃபீன் கலவாத வலிநிவாரணிகளும், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான்களும் மிகைப் பயன்பாட்டால் தலைவலி தரத்தான் செய்கின்றன. ஆனால் பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாடு தனி வலிநிவாரணியையும் கலவை வலிநிவாரணியையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பாராசிட்டமால் போன்ற தனி மருந்தானால் மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால்தான் மிகைப் பயன்பாடு. கலவை மருந்தானால் மாதத்துக்கு 10 நாளே எல்லை. மாத்திரைகளின் எண்ணிக்கை அங்கே பேசப்படவில்லை, நாள்களின் எண்ணிக்கைதான். ஒரே நாளில் நான்கு மாத்திரை போட்டு மாதத்தில் மூன்று நாளோடு முடித்துக்கொள்பவரைவிட, நாள்தோறும் ஒன்றே ஒன்று போடுபவர் இவ்வகையில் ஆபத்துக்கு அருகில் இருக்கிறார்.

நம் கடைகளில் இன்று

சாரிடான் தமிழ்நாட்டின் மெடிக்கல் ஷாப்களில் மட்டுமன்றி, பல ஊர்களில் பெட்டிக்கடையிலும் ஸ்ட்ரிப்பிலிருந்து ஒன்றிரண்டாகக் கத்தரித்துக் கிடைக்கிறது. இந்திய மாத்திரை ஒன்றில் பாராசிட்டமால் 250, புரோபிஃபீனசோன் 150, காஃபீன் 50 மில்லிகிராம். நடுவண் அரசு 2018 செப்டம்பரில் 328 கலவை மருந்துகளைத் தடை செய்தபோது இதுவும் அதில் அகப்பட்டது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இதன் விற்பனையைத் தொடர அனுமதித்தது. இலங்கையில் பலரும் அறிந்த பனடால் எக்ஸ்ட்ராவில் பாராசிட்டமால் 500, காஃபீன் 65 மில்லிகிராம். இவற்றில் ஃபெனாசெட்டின் கிடையாது. எனவே பெக்ஸின் சிறுநீரகக் கதையை அப்படியே இவற்றின்மேல் ஏற்றிச் சொல்வது நேர்மையாகாது. பெக்ஸிடமிருந்து இவற்றுக்கு வந்து சேர்ந்தது மற்றப் பாதி: சீட்டின்றிக் கிடைக்கும் கலவை, அதற்குள் காஃபீன், வாங்குபவர் அதை அறியாமை. கத்தரித்துக் கொடுத்த ஒற்றை மாத்திரையின் பின்புறத்தில் உட்பொருள் பட்டியலின் பாதி எழுத்துகூட இருப்பதில்லை.

நாள்பட்ட தலைவலியோடு வருபவரிடம் எத்தனை காப்பி குடிப்பீர்கள் என்று கேட்டால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்பார். பதினொரு மணித் தேநீரையும், கோலாவையும், மாத்திரைக்குள் இருப்பதையும் அவர் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதுமில்லை. மாதக் காலண்டரில் மாத்திரை போட்ட நாளையெல்லாம் ஒரு மாதம் வட்டமிட்டு வரச் சொல்வது பேச்சைவிடப் பயன் தரும். பத்து வட்டத்தைத் தாண்டினால், வலி எதனால் என்று தேடுவதோடு மாத்திரையையும் சந்தேகப்பட வேண்டும். கோடீன் போன்ற ஓபியாய்டுகளோ (அபின் வகை மருந்துகள்) பார்பிட்டுரேட்டோ (ஒருவகை உறக்க மருந்து) கலவாத மாத்திரையைப் பெரும்பாலோர் மருத்துவரின் கண்காணிப்பில் ஒரேயடியாக நிறுத்திவிடலாம். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போடாமல் கட்டுப்படுத்துவதைவிட இரண்டு மாதம் முழுமையாக நிறுத்துவது கூடுதல் பலன் தந்ததாக டென்மார்க்கின் ஆய்வு ஒன்று காட்டியது. முதல் சில நாள் தலைவலி முன்னைவிட மோசமாகும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மூன்றாம் நாள் அவர் மீண்டும் கடைக்குப் போவார். காப்பியையும் அதே நாளில் அடியோடு வெட்டத் தேவையில்லை. அதை ஓரிரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தால் இரண்டு விலகல் வலிகளும் ஒன்றாக வந்து தாக்காது.

கர்ப்பிணிகளின் உடலில் காஃபீன் இயல்பைவிட நீண்ட நேரம் தங்கும். சிப்ரோஃப்ளாக்சசின், ஃபுளூவாக்சமின் ஆகிய மருந்துகளும் அது வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். கர்ப்பிணிகளுக்கும் இம்மருந்துகளை எடுப்பவர்களுக்கும் காஃபீன் இல்லாத வலிநிவாரணியே தேர்வு. ஆஸ்பிரினோ வேறு அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணியோ சேர்ந்த கலவையைப் பல ஆண்டு நாள்தோறும் எடுத்து வந்தவருக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவருக்கு, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அன்றே இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின் ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும். கிரியாட்டினின் கூடியிருந்தால் அடுத்தது வயிற்று ஸ்கேன். அதில் சிறுநீரகங்கள் சுருங்கி, விளிம்பு மேடுபள்ளமாக, பாப்பில்லா இருந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்து தெரிந்தால் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.